முதற்கட்டமாக மேல்வரிசை

மாமனாரின் பல் மாப்பிள்ளையின் கடையில் மாட்டிக்கொண்டு ஐம்பத்தெட்டு நாள் ஆகிவிட்டது.

மாப்பிள்ளைக்குப் பல் கட்டுகிற தொழில். இருபத்திரண்டு வருஷமாக ஒரே வணிக வளாகத்தில், ஒரே ஒன்பதடி அறையில், ஊராருடைய வாய்க்கு அளவெடுத்துப் பல்செட் செய்து கொடுத்துக்கொண்டிருக்கிறார். அவருக்கென்று ஒரு பெயர் இருந்தது, அடையாள அட்டையைப் பார்த்தால் தெரியும். மற்றபடி எல்லோருக்கும் அவர் பல்செட்டுக்காரர்தான். மாமனார் பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். பதினைந்து வருஷமாக மாப்பிள்ளை கட்டிக்கொடுத்த பல்லை வைத்துத்தான் மென்று சாப்பிட்டு வந்தார். ஊரை அடைத்த அன்று காலையில் அவருடைய கீழ்ச்செட்டில் மெல்லிய விரிசல் ஒன்று விட்டது. கீழ்ச்செட்டை ஒட்ட வேண்டுமென்றால் மேல்செட்டும் வேண்டும், இரண்டும் கடித்துப் பொருந்துகிறதா என்று பார்த்தாக வேண்டும். ஆகவே இரண்டையும் கழற்றி மாப்பிள்ளை கையில் கொடுத்து, "சாயங்காலத்துக்குள்ள வந்துடும்ல?" என்று கேட்டார்.

"மத்தியானமே வந்துடும் மாமா," என்றார் மாப்பிள்ளை.

மத்தியானம் மாப்பிள்ளை பிளாஸ்டர் மாவு வாங்க அடுத்த தெருவுக்குப் போயிருந்த இருபது நிமிஷத்தில், பெருந்தொற்று வந்துவிட்டது என்று அறிவித்து வளாகத்தை மூடி, கடைக்குக் கடை காகிதம் ஒட்டி முத்திரை குத்திவிட்டார்கள். மாவுப் பையும் கையுமாக அவர் வாசலில் நின்றார். உள்ளே மாமனாரின் பல் ஒரு கிண்ணம் தண்ணீரில் கிடந்தது.

அன்றிலிருந்து மாமனாருக்குப் பாலில் ஊறிய ரொட்டி, மசித்த உருளைக்கிழங்கு, மறுபடி பாலில் ஊறிய ரொட்டி. முதல் வாரம் சமாளித்தார். இரண்டாம் வாரம் ஜோக் அடித்தார். ஐந்தாம் வாரம் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போக ஆரம்பித்தார். எட்டாவது வாரம் எடை பார்த்தபோது ஏழு கிலோ குறைந்திருந்தது. டாக்டர் போனில், "இப்படியே போனா படுத்துடுவார். சத்தா மென்னு சாப்பிடச் சொல்லுங்க," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

"ஊருக்கெல்லாம் பல்லு கட்டுறீங்க," என்றாள் மனைவி. "எங்கப்பாவுக்கு ஒரு வழி பண்ண முடியல உங்களால."

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குச் சண்டை போட்டிருக்கலாம். பாத்திரம் கழுவிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள். பல்செட்டுக்காரருக்கு அது சுருக்கென்று தைத்தது. மறுநாள் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

எங்கே கிளம்பினார் என்றால், கட்டுப்பாடுகளைத் தளர்த்துவது தொடர்பான பொதுமக்கள் கருத்தறியும் உயர்நிலை ஆலோசனைக் குழுவுக்கு. பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் மாஸ்க் நனைந்துவிடும். ஊரில் எதைத் திறப்பது, எதை மூடியே வைப்பது என்று தீர்மானிப்பதற்காக ஏற்படுத்திய குழு. ஊரடங்கு தொடங்கிய நாளாக ஊரில் ஒரு நாள்கூட விடாமல் திறந்திருந்த ஒரே இடமும் அதுதான்.

குழுவின் செயலாளர் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். தடுப்பில் பேசுவதற்கு விட்டிருந்த ஓட்டையையும் பாதுகாப்புக் கருதி டேப் ஒட்டி அடைத்திருந்தார். ஆகவே வருகிறவர்கள் பக்கவாட்டில் போய், தடுப்பே இல்லாத இடத்தில் நின்று அவரிடம் பேசினார்கள்.

"மனுவை அந்தப் பெட்டியில போடுங்க," என்றார் செயலாளர். "காகிதத்துல தொற்று இருக்கும். பதினாலு நாள் தனிமைப்படுத்திட்டுத்தான் எடுப்போம்."

"சரிங்க."

"மனுவோட ஆயுள் பத்து நாள். அதுக்கு மேல போனா செல்லாது."

பல்செட்டுக்காரர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். "அப்ப நீங்க எடுக்கும்போதே அது செத்துப் போயிருக்குமே ஐயா."

"ஆமா. அதனாலதான் இதுவரைக்கும் ஒரு மனுகூட நிலுவையில இல்ல," என்றார் செயலாளர். அதில் அவருக்குப் பெருமை இருந்தது. சுவரில் ஒரு பாராட்டுச் சான்றிதழே மாட்டி வைத்திருந்தார்கள்.

பல்செட்டுக்காரர் நகராமல் நிற்கவே, செயலாளர் மனமிரங்கிப் பட்டியலை எடுத்துப் புரட்டினார். அத்தியாவசியத் தொழில்கள் ஒரு பட்டியல், அத்தியாவசியமில்லாதவை ஒரு பட்டியல். பல் கட்டுவது இரண்டிலும் இல்லை.

"பல்லுங்கிறது உடம்புல சேர்த்தியா, சாமான்ல சேர்த்தியா?"

"வாயில இருந்தா உடம்பு. கழட்டி வைச்சா சாமான்தான்," என்றார் பல்செட்டுக்காரர். இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் இருந்திருக்கலாமே என்று அதற்கப்புறம் பல நாள் நினைத்துக்கொண்டார்.

"இப்ப எங்க இருக்கு?"

"கடையில, கிண்ணத்துல."

"அப்ப சாமான். அத்தியாவசியமில்லாத பட்டியல். அதே பல்லு உங்க மாமனார் வாய்க்குள்ள இருந்திருந்தா இந்நேரம் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருப்பேன்."

"வாய்க்குள்ள இருந்தா நான் ஏங்க இங்க வரப்போறேன்?"

"அது கொள்கை முடிவு," என்றார் செயலாளர். "நாளைக்குப் பொது விசாரணைக்கு வாங்க. குழுவே பார்த்துச் சொல்லட்டும்."

விசாரணை உள்ளரங்கப் பூப்பந்து மைதானத்தில் நடந்தது. விளையாட்டுக்குத் தடை என்பதால் மைதானம் காலியாக இருந்தது, குழு எடுத்துக்கொண்டது. நடுவில் கட்டியிருந்த வலையை அவிழ்க்க விளையாட்டுத் துறையின் அனுமதி வேண்டும், அந்தத் துறையோ மூடிக் கிடந்தது. ஆகவே வலை அப்படியே இருந்தது. வலைக்கு அந்தப் பக்கம் எல்லாவற்றையும் திறந்துவிட வேண்டும் என்பவர்கள். இந்தப் பக்கம் எதையும் திறக்கக்கூடாது என்பவர்கள். பக்கத்துக்கு நூறு பேர் இருக்கும். இருபது பேருக்கு மேல் ஓரிடத்தில் கூடலாமா கூடாதா என்பதுதான் ஐம்பது நாளாக அந்த இருநூறு பேரும் கூடி விவாதிக்கிற விஷயம்.

குழுத் தலைவர் நடுவருக்கான உயரமான நாற்காலியில் ஏறி உட்கார்ந்திருந்தார். மூக்கை இறுக்கிய ஒரு மாஸ்க், அதன்மேல் ஒரு துணி மாஸ்க், அதற்கும்மேல் முகம் முழுக்க ஒரு பிளாஸ்டிக் திரை. அவர் முகத்தின் கீழ்ப்பாதியை இத்தனை நாளில் யாரும் பார்த்ததில்லை. முன்மாதிரியான மனிதர் என்று அவரைப் பற்றி இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்டன. இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்ட ஒரே விஷயமும் அதுதான்.

"நீங்க எந்தப் பக்கம்?" என்று வாசலில் செயலாளர் கேட்டார்.

"நான் பல்லு எடுக்க வந்தேங்க."

"அது கோரிக்கை. பக்கம் எது?"

பக்கம் இல்லாத ஆளை என்ன செய்வதென்று விதியில் இல்லாததால், வலைக்கு நேர்கீழே, கம்பத்தை ஒட்டி நிற்க வைத்தார்கள். ஒரு தோள் திறப்பவர்கள் பக்கம், மறு தோள் மூடுகிறவர்கள் பக்கம். வலையின் நூல் காதில் உரசிக்கொண்டே இருந்தது.

தலைவர் பேச எழுந்தார். நாற்காலி உயரம் என்பதால் எழுந்திருக்கும்போது செயலாளர் கீழே காலைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"நண்பர்களே, இன்று நமக்கு ஐம்பத்து மூன்றாவது கூட்டம். ஊரே வீட்டுக்குள் இருக்கிறது. நாம் மட்டும் நாள்தோறும் கூடுகிறோம். ஏன்? கூடுவது எவ்வளவு ஆபத்து என்று ஊருக்குச் சொல்ல வேண்டுமே, அதற்காக. முடிவு எடுக்கவில்லை, முடிவு எடுக்கவில்லை என்று சிலர் குறை சொல்கிறார்கள். முடிவு எடுப்பது பெரிய வித்தையா? ஒரு தனி மனிதன்கூட எடுத்துவிடுவான். முடிவு எடுக்காமல் ஐம்பத்து மூன்று நாள் தாக்குப்பிடிக்க வேண்டுமென்றால் அதற்கு ஒரு குழு வேண்டும். அந்தப் பணியை நாம் சிறப்பாகச் செய்துவருகிறோம்."

கை தட்டினார்கள். கை தட்டினால் கிருமி தெறிக்கும் என்று மூடுகிறவர்கள் தொடையில் தட்டினார்கள்.

பிறகு பல் விவகாரம் எடுக்கப்பட்டது. திறப்பவர்களுக்குத் தலைவர் ஓர் உடற்பயிற்சிக் கூடத்தின் முதலாளி. கை இரண்டும் உடம்போடு ஒட்டாமல் விலகியே நிற்கும். அவர் பல்செட்டுக்காரரின் தோளைத் தொட்டுக் காட்டிப் பேசினார்.

"இவரைப் பாருங்க. ஒரு உழைப்பாளி. இவர் மாமனார் மெல்லணும்னு ஆசைப்படுறார். மெல்லுறது தாடைக்கு உடற்பயிற்சி. தாடைக்கு அனுமதி குடுத்தா கைக்கும் காலுக்கும் குடுத்துத்தான் ஆகணும். ஆகவே இன்னைக்கு சாயங்காலமே என் ஜிம்மைத் திறக்கணும்."

மூடுகிறவர்களுக்குத் தலைவி ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. கையில் ஸ்கேல் இல்லாவிட்டாலும் இருப்பது போலவே பேசுவார்.

"பல் இருந்தால் அந்தப் பெரியவர் என்ன செய்வார்? சாப்பிடுவார். சாப்பிட மாஸ்க்கைக் கழற்றுவார். சாப்பிட்டதும் தெம்பு வரும். தெம்பு வந்தால் வெளியே போவார். இன்றைக்குப் பல் இல்லாததால்தானே அவர் வாயை மூடிக்கொண்டு வீட்டில் இருக்கிறார்? இதைவிடப் பாதுகாப்பான ஒரு முதியவரை எனக்குக் காட்டுங்கள்."

இரண்டு பேர் கையிலும் ஒரே தொற்று வரைபடம் இருந்தது. ஒருவர் அதைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். எவர் என்று பல்செட்டுக்காரரால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"ஐயா, அம்மா," என்று அவர் நடுவில் புகுந்தார். "நான் ஒருத்தன் மட்டும் போறேன். கதவைத் திறந்து, கிண்ணத்தை எடுத்து, பூட்டிட்டு வந்துடறேன். அஞ்சு நிமிஷம். மாமா ஏழு கிலோ இளைச்சுட்டார்."

அந்த ஏழு கிலோவை இரண்டு தரப்பும் எழுதிக்கொண்டன. ஊரடங்கின் கொடுமைக்குச் சான்று என்று அந்தப் பக்கமும், ஊரடங்கால் கொழுப்புக் குறைகிறது என்று இந்தப் பக்கமும்.

விவாதம் நான்கு நாள் நடந்தது. பல்செட்டுக்காரர் நான்கு நாளும் வலைக்கடியில் நின்றார். வீட்டுக்குப் போனால் மாமனார் ஜன்னலோரமாக உட்கார்ந்து, ஒன்றும் கேட்காமல், மாப்பிள்ளையின் கையை மட்டும் பார்ப்பார். கை காலியாக இருக்கும். "பரவால்ல மாப்ள, சாப்பிடு போ," என்று வாய் குழறச் சொல்லுவார். பல் இல்லாத வாயில் அந்தச் சொல்லில் பாதிதான் வரும். பல்செட்டுக்காரருக்கு அப்போதெல்லாம் சோறு இறங்கவில்லை. அந்த மனுஷன் மகளைக் கட்டிக்கொடுத்த நாளிலிருந்து தன்னை ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை என்பது வேறு ஞாபகம் வந்து தொலைத்தது.

ஐந்தாம் நாள் தீர்ப்பு வந்தது. இரு தரப்பு உணர்வுகளையும் மதித்து எடுத்த சமரச முடிவு என்று தலைவர் வாசித்தார். முதற்கட்டமாக மேல்வரிசைப் பற்கள் விடுவிக்கப்படும். பதினான்கு நாள் நிலைமையைக் கண்காணித்து, பாதகமில்லை என்று தெரிந்தால் இரண்டாம் கட்டமாகக் கீழ்வரிசை பற்றிப் பரிசீலிக்கப்படும்.

"மேல்வரிசையை மட்டும் வைச்சு எப்படிங்க மெல்லுறது?" என்றார் பல்செட்டுக்காரர். "மேலயும் கீழயும் சேர்ந்து கடிச்சாத்தானே பல்லு?"

தலைவர் குனிந்து பொறுமையாக விளக்கினார். "மேலே ஒரு வரிசை, கீழே ஒரு வரிசை. இரண்டும் ஒன்றையொன்று தொடுகிறது. ஒருநாளைக்கு எத்தனை தரம் தொடும் சொல்லுங்கள்? ஆறடி இடைவெளி எங்கே? இரண்டு வரிசையும் சேர்வதைத்தானே ஐயா நாம் கூட்டம் என்கிறோம்?"

மூடுகிறவர்கள் தொடையில் தட்டினார்கள். மேல்வரிசை தங்களுக்குக் கிடைத்த வெற்றி என்று திறப்பவர்கள் விசிலடித்தார்கள். கீழ்வரிசை தங்களுக்குக் கிடைத்த வெற்றி என்று மூடுகிறவர்கள் அறிக்கை விட்டார்கள். எல்லோருக்கும் சந்தோஷம்.

கடையைத் திறக்கப் பதினோரு பேர் போனார்கள். செயலாளர், இரு தரப்புக்கும் நான்கு நான்கு பார்வையாளர்கள், ஒரு புகைப்படக்காரர், கடைசியாகப் பல்செட்டுக்காரர். ஒரே நேரத்தில் ஒருவர்தான் உள்ளே இருக்கலாம் என்று வாசலில் அறிவிப்பு ஒட்டிவிட்டுப் பதினோரு பேரும் உள்ளே போனார்கள். கிண்ணத்துத் தண்ணீர் வற்றி, அடியில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. இந்த வகைப் பல் எப்போதும் ஈரத்தில் கிடக்க வேண்டும், காய்ந்தால் வளைந்துவிடும். மேல்செட்டை எடுத்துக்கொண்டார். கீழ்ச்செட்டு அதே கிண்ணத்தில், அவர் விரலுக்கு ஒட்டினாற்போலக் கிடந்தது. அதைத் தொடுகிறாரா என்று எட்டு பார்வையாளர்களும் கண்கொட்டாமல் பார்த்தார்கள். அவர் தொடவில்லை. சட்டத்துக்குப் பயந்த மனுஷன், என்ன செய்வது.

வீட்டில் மாமனார் முகம் கழுவி, தலை சீவிக் காத்திருந்தார். மகள் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டாள். செட்டை வாயில் வைத்து, கட்டைவிரலால் மேலே அழுத்தினார். கையை எடுத்ததும் அது தொப்பென்று நாக்கின் மேல் விழுந்தது. மறுபடி அழுத்தினார், மறுபடி விழுந்தது. வெளியே எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது யாரோடது மாப்ள?"

"உங்களோடதுதான் மாமா. பல்லு காய்ஞ்சு வளைஞ்சுடுச்சு. இத்தனை நாள் பல்லு மாட்டாததால உங்க ஈறும் சூம்பிடுச்சு. புதுசா அளவெடுத்துத்தான் கட்டணும்."

மகள் கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அழுவது கேட்கக்கூடாதென்று குழாயைத் திறந்துவிட்டாள்.

பல்செட்டுக்காரர் செயலாளரிடம் ஓடினார். அளவெடுப்பதென்றால் வாய்க்குள் கை போக வேண்டும், அது தடைசெய்யப்பட்ட தொடுகைகளில் முதலிடத்தில் இருக்கிறது என்றார் செயலாளர். "அதைப் பத்தி அப்புறம் பேசலாம். நாளைக்கு விழா. அழைப்பிதழ் போயாச்சு. உங்க மாமனார்தான் கதாநாயகன்."

தளர்வின் முதல் வெற்றியைக் கொண்டாடும் முதல் கடி விழா. மைதானத்தில் வலையின் மேல் கலர் காகிதம் சுற்றியிருந்தார்கள். வலைக்கடியில் ஒரு மேஜை, மேஜையில் ஒரு தட்டு, தட்டில் இரண்டு ஆப்பிள். மாமனார் வருவதற்கு ஒப்புக்கொண்டதே மாப்பிள்ளைக்காகத்தான். விழாவுக்கு வராவிட்டால் கீழ்வரிசை பற்றிய பரிசீலனை பாதிக்கப்படலாம் என்று செயலாளர் சூசகமாகச் சொல்லியிருந்தார். பெல்ட்டில் ஆணியால் புதிதாகப் போட்ட ஓட்டையில் கொக்கியை மாட்டிக்கொண்டு, மேல்செட்டை நாக்கால் தாங்கிப் பிடித்தபடி, வாய் திறக்காமல் வந்து நின்றார்.

தலைவர் பேசினார். "சிலர் கேட்டார்கள், இந்தக் குழு என்ன சாதித்தது என்று. இதோ, பதினான்கு பற்கள். அறுபது நாளுக்குள் பதினான்கு பற்கள். சராசரி பாருங்கள், நான்கு நாளுக்கு ஒரு பல் வீதம் மக்களுக்குத் திருப்பிக் கொடுத்திருக்கிறோம். குழந்தைக்குக்கூட இந்த வேகத்தில் பல் முளைப்பதில்லை."

மாமனாரிடம் ஆப்பிளைக் கொடுத்தார்கள். அவர் மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை தரையைப் பார்த்தார். மாமனார் ஆப்பிளை வாயில் வைத்து அழுத்தினார். எடுத்தபோது ஆப்பிளோடு சேர்ந்து பல்லும் வந்துவிட்டது. பதினான்கு பல்லும் ஆப்பிளில் வரிசையாகக் குத்தி நின்றன. மாமனார் ஆப்பிளைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றார். எழுபத்திரண்டு வயதில் இருநூறு பேருக்கு முன்னால் பொக்கை வாயோடு நிற்பதைவிட ஒரு மனுஷனுக்கு அவமானம் வேண்டுமா.

"கடி பதிவாகிவிட்டது," என்று செயலாளர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

ஆனால் புகைப்படக்காரர் திருப்திப்படவில்லை. தலையை ஆட்டினார். விழா சொதப்புகிறதென்று தெரிந்ததும் தலைவர் நாற்காலியிலிருந்து இறங்கிவந்தார். "பெரியவருக்குக் கூச்சம். எப்படிக் கடிப்பதென்று நானே செய்து காட்டுகிறேன்," என்றார். பிளாஸ்டிக் திரையைத் தூக்கினார். துணி மாஸ்க்கைக் கழற்றினார். அடுத்த மாஸ்க்கையும் கழற்றினார். தலையைச் சற்றுச் சாய்த்து, இரண்டாவது ஆப்பிளைக் கடைவாய்ப் பக்கமாகக் கொண்டுபோய், நறுக்கென்று ஒரு கடி கடித்தார். கேமராவைப் பார்த்துச் சிரித்தார். கூட்டம் ஆர்ப்பரித்தது.

பல்செட்டுக்காரர் காதில் மட்டும் அது விழவில்லை. தலைவரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சொந்தப் பல் உள்ளவன் ஆப்பிளை முன்பல்லால் கடிப்பான். கடைவாயால் கடிக்கிறவன் செட்டு மாட்டியவன். இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். அந்த ரோஸ் நிற ஈறு இருக்கிறதே, வாங்கிய புதுசில் அதற்கு ஒரு பளபளப்பு உண்டு. டீ, காபி பட்டு இரண்டு மூன்று மாதத்தில் மங்கிவிடும். தலைவர் வாயில் இருந்தது மங்கவே ஆரம்பிக்கவில்லை. நாற்பது நாளைக்கு மேல் இருக்காது. வேலையும் சுத்தமான வேலை. யார் கை என்றுதான் தெரியவில்லை.

"நன்றியுரை," என்று சொல்லிச் செயலாளர் மைக்கைப் பல்செட்டுக்காரர் கையில் திணித்தார்.

நன்றியுரையை எழுதிக் கொடுத்திருந்தார்கள். அவர் அதைப் பார்க்கவே இல்லை. அவர் மனசில் ஒன்றே ஒன்றுதான் ஓடியது, இந்த ஊரில் எங்கேயோ ஒரு பல் கடை திறந்திருக்கிறது. குத்திக்காட்டும் எண்ணமெல்லாம் சத்தியமாக அவருக்குக் கிடையாது.

"ஐயா, உங்க செட்டு ரொம்ப அருமையா அமைஞ்சிருக்கு. ரெண்டு வரிசையும் ஒரே நேரத்துல கட்டினதுதான் அது, பார்த்தாலே தெரியுது. ஒரு மாசம், மிஞ்சிப்போனா நாப்பது நாள் இருக்குமா? எந்தக் கடைன்னு மட்டும் சொல்லுங்க ஐயா. மாமாவை இப்பவே கூட்டிட்டுப் போறேன்."

தலைவர் வாயில் ஆப்பிள் இருந்ததால் அவரால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. முழுங்கவும் முடியவில்லை.

தலைமையாசிரியை எழுந்தார். "நாற்பது நாளா?" என்றார்.

வலைக்கு அந்தப் பக்கமிருந்து ஜிம்காரரும் எழுந்தார். "ரெண்டு வரிசையுமா?" என்றார்.

ஐம்பத்தெட்டுக் கூட்டங்களில் வலையின் இரண்டு பக்கமும் ஒரே விஷயத்தைப் பற்றிக் கேள்வி கேட்டது அன்றுதான். தலைவர் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு, அதன்மேல் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு, திரையை இறக்கிவிட்டு, கூட்டம் ஒத்திவைக்கப்படுவதாகச் சைகை காட்டினார். மைதானத்தில் அளவுக்கு மீறிக் கூட்டம் கூடியிருப்பது அப்போதுதான் அவர் கவனத்துக்கு வந்ததாம். தலைவர் பொதுமக்களுக்கு நன்றி கூறினார், அனைவரும் இடைவெளி விட்டுக் கலைந்தனர் என்று குறிப்பேட்டில் பதிவானது.

மறுநாள் காலை எட்டு மணிக்கெல்லாம் அரசாணை வந்துவிட்டது. அறுபது நாளாக ஒரு வரி எழுதாத குழு ஒரே ராத்திரியில் மூன்று பக்கம் எழுதியிருந்தது. பல், ஈறு, தாடை சம்பந்தப்பட்ட சகல தொழில்களும் அத்தியாவசியம். அளவெடுக்கலாம், இரண்டு வரிசையும் ஒருசேரக் கட்டலாம், வாய்க்குள் தாராளமாகக் கை விடலாம். ஆணை, நாற்பத்தொரு நாளைக்கு முந்தின தேதியிலிருந்து அமலுக்கு வந்ததாகக் கருதப்படும்.

கடைசி வரியைப் பல்செட்டுக்காரர் படிக்கவில்லை. அதற்குள் பாதி தூரம் போயிருந்தார். கடையைத் திறந்தார், கூட்டினார், மாவு கரைத்தார். மாமனார் வாய்க்கு அளவெடுத்தார். ஐந்து நாள் சாப்பாட்டையும் கடையிலேயே வைத்துக்கொண்டு, மெழுகில் ஈறு கட்டி, பல் பதித்து, வேகவைத்து, அரம் போட்டு ராவினார். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் அப்படி ஒரு செட்டு கட்டியதில்லை.

ஆறாம் நாள் காலையில் மாமனார் கடை நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். மகளும் கூட வந்திருந்தாள். மேல்செட்டு ஏறியது, நின்றது. கீழ்ச்செட்டு ஏறியது. வலது பக்கம் லேசாக உரசியது, கழற்றி இரண்டு இழுப்பு ராவி மாட்டினார். "கடிங்க மாமா." டக். "மறுபடி." டக். மாமனார் கண்ணை மூடிக்கொண்டு நாலைந்து தரம் கடித்துப் பார்த்தார்.

அந்த நேரம் பார்த்துச் செயலாளர் ஒரு கவரோடு வாசலில் வந்து நின்றார். நோட்டீஸ். அவரே வாசித்துக் காட்டினார். பல் கட்டும் தொழிலுக்கு நாற்பத்தொரு நாளைக்கு முன்பே அனுமதி வழங்கப்பட்டிருந்தும், இந்தக் கடைக்காரர் கடையைத் திறக்காமல் அத்தியாவசிய சேவையை மறுத்திருக்கிறார். அதன் விளைவாக ஒரு முதியவர் பட்டினி கிடந்து ஏழு கிலோ எடை இழந்திருக்கிறார். இது கடுங்குற்றம்.

பல்செட்டுக்காரர் கையில் அரத்தோடு நின்றார். "நீங்கதானே ஐயா பூட்டி முத்திரை வைச்சீங்க?"

"வைச்சோம். ஆனா ஆணைப்படி பார்த்தா, அப்ப கடை திறந்துதான் இருந்துச்சு," என்றார் செயலாளர். அவர் கேலி செய்யவில்லை. நிஜமாகவே வருத்தப்பட்டார். "பாதிக்கப்பட்டவர் வாக்குமூலம் ஒண்ணு வேணும். பெரியவர் ஒரு கையெழுத்துப் போட்டா வேலை முடிஞ்சுது."

மாமனார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "என் மாப்பிள்ளை மேல நான் புகார் குடுக்கணுமா?"

எழுபது நாளில் அவர் வாயிலிருந்து முழுசாக வந்த முதல் வாக்கியம் அது. ஒரு எழுத்துகூட வழுக்கவில்லை. மகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஆமாங்க. பாதிக்கப்பட்டது நீங்கதானே."

"நான்தான். பசிச்சுக் கிடந்தது நான்தான், ராத்தூக்கம் இல்லாம கிடந்தது நான்தான். ஊருக்கு முன்னால பொக்கை வாயோட நின்னதும் நான்தான். எழுதிக்குங்க."

செயலாளர் அவசரமாக எழுதினார். "காரணமானவர்?"

"நீங்க."

செயலாளரின் பேனா நின்றது. தாளை மேலும் கீழும் பார்த்தார். "கடைக்காரர்னு அச்சடிச்சே வந்திருக்குங்க. குழுவை எழுதறதுக்கு இதுல கட்டம் இல்லையே."

"கட்டம் போட்டுட்டு வாங்க," என்றார் மாமனார். "நான் இங்கதான் இருப்பேன்."

மகள் பையிலிருந்து காய்ந்த ரொட்டித் துண்டு ஒன்றை எடுத்து அப்பாவிடம் நீட்டினாள். பாலில் நனைக்காத ரொட்டி. அவர் அதை ஒரு ஓரமாகக் கடித்து, வாயை மூடிக்கொண்டு, அவசரமே இல்லாமல் மென்றார். மெல்லுகிற சத்தம் அந்த ஒன்பதடி அறை முழுக்கக் கேட்டது.

செயலாளர் தாளை மடித்துக் கவருக்குள் வைத்தார். அப்புறம், ஸ்கேல் எடுத்துக்கொண்டு வர ஆபீசுக்குப் போனார்.